பங்குனி வெயிலில் வாடும் மாடித்தோட்டம்: கோடைக்கு வழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்வது?

திருச்சியில் மொட்டை மாடியில் 25 பைகளில் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை, இரண்டு மல்லிகை, ஒரு கறிவேப்பிலை எல்லாம் மாசிக் கடைசி வரை காலையில் ஒரு வேளைத் தண்ணீரிலேயே செழிப்பாக இருந்தன என்றும், பங்குனி பிறந்ததிலிருந்து நண்பகலில் தலை சாய்க்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயந்துபோய் மூன்று வேளை ஊற்றத் தொடங்கியும் தக்காளிப் பூக்கள் உதிர்கின்றன, அடி இலைகள் மஞ்சளாகின்றன, இரண்டு கத்தரிச் செடிகள் இரவிலும் நிமிரவில்லை. இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி தண்ணீரின் அளவைப் பற்றியது போலத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். பனிக்காலத்தில் கைக்குப் பழகிவிட்ட ஒரு தினசரி ஒழுங்கைக் கோடைக்கு ஏற்றபடி எப்படி மாற்றுவது, எந்தச் செடியைக் காப்பது, எதை விட்டுவிடுவது என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள். அதற்கே விடை சொல்ல முயல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்து, திருச்சி, கரூர், பெரம்பலூர் வட்டாரங்களில் 26 ஆண்டுகள் விவசாயிகளோடு களப்பணி செய்தவன். 14 ஆண்டுகளாக என் வீட்டு மாடியிலும் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆகவே இங்கே சொல்வது காவிரிக் கரையின் உள்மாவட்ட வெயிலுக்குப் பொருந்தும். பிற்பகலில் கடற்காற்று ஏறும் சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ இதில் சில மாற்றங்கள் தேவைப்படும். கொடைக்கானலிலோ உதகையிலோ இருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி பயன்படாது. செடியைக் கண்ணால் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து நோயை உறுதியாகச் சொல்லவும் முடியாது. அந்த வரம்போடு படியுங்கள்.

முதலில் நண்பகல் வாட்டம். இலை வழியாக ஆவியாகும் நீரின் வேகத்துக்கு வேர் உறிஞ்சும் வேகம் ஈடுகொடுக்க முடியாதபோது இலை தளர்கிறது. மண்ணில் போதுமான ஈரம் இருந்தாலும் இது நடக்கும். அகன்ற இலை கொண்ட கத்தரியிலும் பூசணியிலும் இன்னும் கூடுதலாக நடக்கும். வெயில் தாழ்ந்து மாலை ஆறு மணிக்குள் இலை மறுபடியும் நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்குத் தாகம் இல்லை என்றே கொள்ளலாம். விடியற்காலையில் தளர்ந்திருக்கும் செடிதான் உண்மையில் உதவி கேட்கும் செடி. ஆகவே உங்கள் புதிய வழக்கத்தின் முதல் விதி, செடியின் நலத்தை மதியம் பன்னிரண்டு மணிக்கு மதிப்பிடாமல் காலை ஆறு மணிக்கு மதிப்பிடுவது.

இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. வயலில் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், என் மாடியில் வைத்த முதல் கோடையில் பதினொரு கத்தரிச் செடிகளை மதியத் தண்ணீராலேயே இழந்தேன். வாடியதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஊற்றினேன்; மறுநாளும் வாடியது, மறுபடியும் ஊற்றினேன். பையைக் கிழித்துப் பார்த்தபோது மேலே இரண்டு அங்குலம் உலர்ந்து, அதற்குக் கீழே கலவை சேறாக இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகிப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று வந்தன. வேருக்கும் காற்று வேண்டும். எந்நேரமும் நனைந்த கலவையில் அது மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுகிறோம். உங்கள் செடிகளில் அடி இலைகள் மஞ்சளாவதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அடிக்கடி ஊற்றும் தண்ணீரோடு தழைச்சத்து அடித்துளை வழியாக வடிந்து போவதும் அதோடு சேர்ந்திருக்கலாம். அப்படியானால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்துதான் சத்தை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை கலவைக்குள் நுழைத்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பைகளில் இது மிகவும் முக்கியம். மேற்பரப்பு வெளிறிப் பொடியாகத் தெரிந்தாலும் உள்ளே விரலில் ஈரம் ஒட்டும். ஒட்டினால் அந்தப் பைக்கு அப்போது தண்ணீர் வேண்டாம். ஒட்டாமல் விரல் உலர்ந்து வந்தால் ஊற்றுங்கள். பத்து நாட்கள் இதைச் செய்தால், பையின் விளிம்பைப் பிடித்துச் சற்றுத் தூக்கிப் பார்க்கும் கனத்திலேயே ஈரத்தைச் சொல்லிவிடுவீர்கள்.

தண்ணீருக்கு உகந்த நேரம் விடியற்காலை, ஐந்தரை முதல் ஏழு வரை. இதற்கு ஒரு காரணம் எல்லோரும் அறிந்தது: வெயில் ஏறுமுன் வேர் நிறைய உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு காரணம் மாடியில் தோட்டம் வைப்பவர்களுக்கே உரியது. மாடித் தொட்டியின் நீர் பகல் முழுவதும் காய்ந்து, இரவு எட்டு மணி வரை வெந்நீராகவே இருக்கும். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கியிருக்கும் முதல் நீர் கையைச் சுடும். மாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்து அப்படியே செடிக்குப் பிடிப்பவர்கள், ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் வேரில் வெந்நீரை ஊற்றுகிறார்கள். மாலையிலும் ஊற்ற வேண்டிய பைகள் இருந்தால், அதற்குரிய நீரைக் காலையிலேயே இரண்டு வாளிகளில் பிடித்து, படிக்கட்டு நிழலில் மூடி வையுங்கள். மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும். பைகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில் தேங்கும் நீரையும் அதே காரணத்துக்காகக் கவிழ்த்துவிட வேண்டும்.

அளவைக் கேட்டீர்கள். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையில், நன்கு வளர்ந்த கத்தரிக்கோ வெண்டைக்கோ சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்பது என் மாடியில் எனக்குப் பொருந்தி வந்த கணக்கு. உங்கள் கலவையில் செம்மண் கூடுதலாக இருந்தால் குறையும். பை சிறிதானால் அதே அளவை இரண்டாகப் பிரிக்க நேரும். அளவைவிட ஊற்றும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்ட கலவை சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகிவிடும். அப்போது ஒரே மூச்சில் ஊற்றினால் நீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். தரை நனைந்ததைப் பார்த்துச் செடி குடித்துவிட்டது என்று எண்ணிக்கொள்வோம், நடுவில் வேர் இருக்கும் இடமோ உலர்ந்தே கிடக்கும். பூவாளியால் அரை லிட்டர் ஊற்றி, மற்றப் பைகளையும் ஒரு சுற்று முடித்து, பத்து நிமிடம் கழித்து வந்து மீதியை ஊற்றுங்கள்.

உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரா என்று சொல்லவில்லை. அப்படியானால் கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பும் ஏறுவது வழக்கம். பையின் விளிம்பில் வெள்ளைப் படிவமும், மல்லிகையின் இலை நுனியில் கருகலும் அதன் அறிகுறிகள். இரண்டு வாரத்துக்கு ஒரு காலையில் வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி, அடித்துளை வழியாக நன்றாக வடியவிட்டால் உப்பு கழுவப்படும். அன்று உரம் எதுவும் இட வேண்டாம்.

அடுத்தது, தண்ணீரைவிட நான் முக்கியமாகக் கருதுவது: வேரின் சூடு. பிற்பகல் மூன்று மணிக்கு மாடிக்குப் போய், உங்கள் கருப்புப் பைகளில் ஒன்றின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றும். அந்தச் சுவரை ஒட்டித்தான் பையில் வளரும் செடியின் இளம் வேர்களில் பெரும்பகுதி சுருண்டு கிடக்கிறது. நிலத்தில் நட்ட செடிக்கு இந்தத் துன்பம் இல்லை. ஓரடி ஆழத்தில் மண் குளிர்ந்தே இருக்கும். ஆகவே பங்குனியிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை பைகளை இடம் மாற்றி அடுக்குவது. தனித்தனியாக நிற்கும் பைகளை நெருக்கி வைத்து, மேற்கு வரிசைக்கு வெளியே பழைய சாக்கையோ தென்னை ஓலைத் தடுப்பையோ கட்டுங்கள். பைகளை நேரே தளத்தில் வைக்காமல் செங்கல் மீதோ மரச்சட்டத்தின் மீதோ ஏற்றி வையுங்கள். தளத்தின் சூடும் ஏறாது, வடிகால் துளையும் அடைபடாது. மண்தொட்டிகள் சுவர் வழியே நீரைக் கசியவிட்டுத் தாமே குளிர்ந்துகொள்ளும், ஆனால் அதே காரணத்தால் நீரையும் கூடுதலாகக் கேட்கும்.

கலவையின் மேல் இரண்டு அங்குலம் மூடாக்கு இடுங்கள். காய்ந்த இலை, கரும்புச் சோகை, கடலைத் தோல், தேங்காய் மட்டைத் துண்டு, எது கிடைத்தாலும் சரி. தண்டை ஒட்டி இடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டியிருந்தால் தண்டின் அடி அழுகும். மூடாக்கு இட்ட பைக்கும் இடாத பைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாரத்தில் உங்கள் விரலே சொல்லும்.

நிழல் வலை கட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கட்டலாம், 50 விழுக்காட்டு நிழல் தரும் பச்சை வலை கீரைக்கும் நாற்றுக்கும் மிளகாய்க்கும் நல்லது. ஆனால் மாடி முழுவதையும் அதற்குள் அடைத்துவிடாதீர்கள். மல்லிகைக்கு முழு வெயில்தான் உயிர். கார்த்திகையில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடி பங்குனி முதல் ஆனி வரை பூத்துக் குலுங்குவது இந்த வெயிலால்தான். வலைக்குள் வைத்த மல்லிகை இலையாகத் தழைத்து மொட்டை மறந்துவிடும். மொட்டுகள் ஊதா நிறமாகி உதிர்ந்தால் அது பெரும்பாலும் மொட்டுப்புழு. அவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், பைக்குள் விழவிடாதீர்கள். கறிவேப்பிலையும் வெயிலைத் தாங்கும். பங்குனியில் நுனிகளை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும், பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிடலாம்.

இனி மனத்துக்குக் கடினமான பகுதி. உங்கள் தக்காளியில் பூ உதிர்வது தண்ணீரால் தீராது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவு வெப்பமும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கிறது. கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. திருச்சியில் சித்திரை இரவுகள் பலவற்றில் 26, 27 டிகிரிக்குக் கீழே குறைவதில்லை. இது உறுதியாகத் தெரிந்த செய்தி. இதற்கு மோர்க்கரைசலோ வேறு தெளிப்போ மருந்தாகாது. அதோடு, கோடையில் பெருகும் வெள்ளை ஈ இலைச்சுருட்டை நச்சுயிரியையும் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே செடியில் இருக்கும் காய் பழுக்கும் வரை வைத்திருந்து, பங்குனி முடிவதற்குள் தக்காளியை வேரோடு எடுத்துவிடுங்கள். நாற்று விட்டு, நட்டு, கொடிகட்டி வளர்த்த செடியைப் பிடுங்கக் கை வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காய்க்காத ஐந்து தக்காளிக்கு ஊற்றும் நீரும் அவற்றில் வளரும் வெள்ளை ஈயும் மற்ற இருபது பைகளுக்கும் பாரமாகும்.

கத்தரியையும் மிளகாயையும் அப்படி எடுக்க வேண்டாம். அவை இப்போது குறைவாகக் காய்த்தாலும் கோடையைக் கடக்கக் கூடியவை. கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்தி, ஒரு பிடி மண்புழு உரம் மட்டும் இட்டு விடுங்கள். இலைப்பரப்பு குறைவதால் நீர்த்தேவையும் குறையும். ஆனியில் புதுத்தளிர் விட்டு ஆடியில் காய்க்கத் தொடங்கும். காலியான தக்காளிப் பைகளில் வெண்டை, கொத்தவரை, காராமணி போடுங்கள். வெண்டை 45 முதல் 50 நாட்களில் முதல் காயைத் தரும். அதற்கும் வெள்ளை ஈயால் நரம்பு மஞ்சள் தேமல் வரும் என்பதால் எதிர்ப்புத்திறன் உள்ள ரக விதையாகக் கேட்டு வாங்குங்கள், அந்த எதிர்ப்பும் முழுக் கவசம் அல்ல. சிறுகீரையும் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் வெயிலுக்கு அஞ்சாதவை. கொத்தமல்லியும் பாலக்கும் இப்போது விதைத்தால் இலை விடும் முன்பே பூவுக்குப் போய்விடும்.

வெள்ளை ஈயைத் தவிர, பூச்சிகளில் இந்தப் பருவத்துக்கு உரியவை இரண்டு: சிவப்புச் சிலந்தியும் மாவுப்பூச்சியும். வறண்ட சூட்டில் சிலந்தி மிக விரைவாகப் பெருகும். இலையின் மேற்புறத்தில் ஊசி முனை அளவுக்கு வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் இலையைத் திருப்பி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு நகர்ந்தால் அதுதான். காலையில் இலையின் அடிப்புறத்தில் படும்படி நீரைப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். மீதிக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயையும் சிறிது சோப்புக் கரைசலையும் நன்றாகக் கலக்கி, மாலை ஐந்தரைக்குப் பிறகு அடியுங்கள். வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும். காலையில் வாடியிருக்கும் செடிக்கும் அடிக்கக் கூடாது. மாவுப்பூச்சி வந்த கிளையில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு அதன் தேன்கசிவுக்காகக் காவல் நின்று, அதைத் தின்ன வரும் நன்மை செய்யும் பூச்சிகளை விரட்டும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் பப்பாளியையும் அழித்துப் பரவியபோது, மருந்துகளால் அடங்காத அதை 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அந்தக் காலத்தில் களத்தில் இருந்தவன் என்பதால், கண்டதற்கெல்லாம் கடும் மருந்து அடித்து இத்தகைய துணைவர்களைக் கொன்றுவிடாதீர்கள் என்று அழுத்தியே சொல்வேன்.

உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வாடும் செடிக்குச் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இடுவது, உப்பேறிய கலவையில் மேலும் உப்பைக் கொட்டுவதாகும். பஞ்சகவ்யம் கொடுப்பதானால் ஒரு லிட்டருக்கு 30 மி.லி., பதினைந்து நாளுக்கு ஒரு முறை, நனைந்த மண்ணில் மட்டும்.

சில வழக்கங்களைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் எதையும் நடக் கூடாது என்பார்கள். அது பஞ்சாங்கக் கணக்கு. சில ஆண்டுகளில் அதற்கு முன்பே உச்ச வெயில் வந்து போய்விடும். ஆனாலும் மென்மையான நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல என்ற அளவில் அந்த வழக்கத்தோடு நான் ஒத்துப்போகிறேன். நேரடியாக விதைக்கும் கீரைக்கு அந்தத் தடை தேவையில்லை. நீரைப் பிடித்துவைக்கும் கூழ்மப் பொடியை மூன்று கோடைகளில் சில பைகளில் கலந்து பார்த்தேன். நார்க்கழிவு இருக்கும் பையில் வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மணல் மிகுந்த கலவையில் அது உதவக்கூடும்.

ஏடுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். நம் பக்கத்தில் வெப்பமானி உச்சத்தைத் தொடுவது அந்த இளவேனிலில்தான். வைகாசிக் கடைசியில் வெயில் சற்றே தணிந்ததும் கவனத்தைத் தளர்த்திவிடுவது பலரும் செய்யும் பிழை. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைப் பொழிந்துவிட்டு நம்மிடம் வறட்டுக் காற்றாக வந்து சேர்கிறது. அம்மியையே பறக்கவைக்கும் அந்த ஆடிக்காற்றில், சித்திரையைவிட விரைவாகப் பை உலரும் நாட்களும் உண்டு. வலையின் நான்கு மூலைகளையும் ஆனிக்கு முன்பே இறுக்கிக் கட்டுங்கள். இடையில் ஒரு மாலை இடியோடு கோடை மழை பெய்தால், மறுநாள் காலைத் தண்ணீரை நிறுத்தும் முன் விரலை வைத்துப் பாருங்கள்; அடர்ந்த இலைக்குக் கீழே கலவை பெரும்பாலும் நனைந்திருக்காது.

இந்த வெயிலையே வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று உழவர் சொல்வது மாடிக்கும் பொருந்தும். காலியான பைகளின் கலவையைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளில் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். கருப்புத் தாள் இதற்கு அவ்வளவு பயன்படாது. நிறமற்ற தாளின் வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்கி மண்ணைச் சுடும். நூற்புழுக்களும் பல பூஞ்சைகளும் இதில் மடியும். பிறகு மக்கிய சாண உரத்தையும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையையும் கலந்து நிழலில் வைத்தால் ஆடிப்பட்டத்துக்குக் கலவை தயார்.

அந்த இரண்டு கத்தரிச் செடிகளை மட்டும் தனியாகப் பாருங்கள். மூன்று நாட்கள் தண்ணீரைக் குறைத்தும் விடியற்காலையில் நிமிராமல், இலை பச்சையாகவே தொங்கினால், ஒன்றைத் தரைமட்டத்தில் வெட்டி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் முங்கும்படி பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போல ஓர் இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்து இல்லை. செடியையும் கலவையையும் பையோடு அப்புறப்படுத்துங்கள், அந்தக் கலவையை வெயிலில் மூடிவைக்கும் குவியலில் சேர்க்க வேண்டாம், வெட்டிய கத்தியைச் சோப்பு நீரில் கழுவித் தணலில் காட்டுங்கள். இழை எதுவும் இறங்காமல் நீர் தெளிவாகவே இருந்தால் வேரழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். மற்றொரு செடிக்கு இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, நிழலில் வைத்து, விரல் உலர்ந்து வரும் வரை தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.